தலை குனிந்து வாசிக்கும் அந்த மனிதர் யார்? ஸ்டீல் கிட்டாருக்குக் கிடைத்த நாற்காலியும் கோட்டுவாத்தியத்துக்குக் கிடைக்காத நாற்காலியும்!

அமெரிக்க கன்ட்ரி மியூசிக் லைவ் ஷோ ஏதாவது ஒன்றை யூடியூப்பில் ஓடவிட்டுப் பாருங்கள். நடுவில் தொப்பி போட்ட பாடகர். பக்கத்தில் கிட்டார், ஃபிடில். பின்னால் டிரம்ஸ். இதற்கெல்லாம் ஓரமாக, இஸ்திரி மேசை மாதிரி ஒன்றின் முன்னால் ஒருவர் உட்கார்ந்திருப்பார். தலை குனிந்தே இருக்கும். கேமரா அவர் பக்கம் திரும்புவது அபூர்வம்.

ஆனால், பாடகர் ஒரு வரியை முடித்து மூச்சு வாங்கும் இடைவெளியில், தேம்பல் மாதிரி வழுக்கிக்கொண்டு வரும் ஒலி இருக்கிறதே, அது அவருடையதுதான். அதை எடுத்துவிட்டால் பாதிப் பாட்டு போய்விடும்.

அந்தக் கருவியின் பெயர் பெடல் ஸ்டீல் கிட்டார். டி.வி வரலாற்றிலேயே அதிகம் கேட்கப்பட்டு, குறைவாகப் பார்க்கப்பட்ட கருவிகளில் ஒன்று என்று தாராளமாகச் சொல்லலாம்.

சரி, டென்னசி மாநிலத்துக் கருவிக்கும் பெரம்பலூர், அரியலூர் பக்கத்து வாசகருக்கும் என்ன சம்பந்தம்? இருக்கிறது. கம்பியை விரலால் அழுத்தாமல், அதன் மேல் ஒரு தண்டை வழுக்கவிட்டு வாசிக்கும் வித்தை நமக்குப் புதிதல்ல. அரியலூர் மாவட்டத்திலிருந்து கொள்ளிடம் பாலத்தைத் தாண்டினால் வரும் ஊர்களில்தான் அந்த வித்தையின் தமிழ்நாட்டு வாரிசான கோட்டுவாத்தியம் வளர்ந்தது. இரண்டும் ஒரே தத்துவம்தான். ஒன்று ஒரு பெரிய இசைத் தொழிலின் அடையாளமாகிவிட்டது. இன்னொன்றை அடையாளம் காட்டவே ஆள் தேட வேண்டியிருக்கிறது. ஏன் இப்படி?

கிட்டார் மாதிரியே இல்லையே?

ஆமாம், இல்லைதான். சாதாரண கிட்டாரில் இடது கை விரல்கள் கம்பியைக் கட்டையின் மேல் அழுத்தும். கட்டையில் குறுக்கே இருக்கும் உலோக மெட்டுகள் ஸ்வரத்தைச் சரியான இடத்தில் நிறுத்திக் கொடுத்துவிடும். விரல் ஒரு நூல் முன்னே பின்னே இருந்தாலும் பெரிய தப்பில்லை.

ஸ்டீல் கிட்டாரில் அந்தச் சலுகை கிடையாது. கருவியைப் படுக்க வைத்து, கம்பிகளின் மேல் கனமான எஃகுத் துண்டு ஒன்றை வைத்து நகர்த்துவார்கள். 'ஸ்டீல்' என்ற பெயரே அந்தத் துண்டால் வந்ததுதான். கிட்டார் எஃகால் செய்யப்பட்டது என்று அர்த்தமில்லை. கம்பி எங்கேயும் அழுந்தாது. கட்டையில் போட்டிருக்கும் கோடுகள் வெறும் அடையாளம், அவ்வளவுதான். துண்டு கோட்டுக்கு நேர் மேலே நின்றால் ஸ்வரம் சுத்தம், இம்மி விலகினால் அபஸ்வரம். அவர் ஏன் தலை குனிந்தே இருக்கிறார் என்று இப்போது புரிந்திருக்கும். கூச்சம் இல்லை, கண்ணை எடுக்க முடியாது!

இதில் பெடல் எங்கே வந்தது? எஃகுத் துண்டு நேராக இருப்பதால் ஒரு கஷ்டம்: எல்லாக் கம்பியும் ஒரே அளவில்தான் ஏறும், இறங்கும். வேறு வேறு விதமான கார்டுகள் வேண்டுமென்றால் வழியில்லை. அதனால் கருவிக்குக் கால் முளைத்தது. கீழே பெடல்கள், முழங்காலுக்கு நெம்புகோல்கள். ஒரு பெடலை மிதித்தால் குறிப்பிட்ட கம்பி மட்டும் இழுபட்டு ஸ்வரம் மாறும். மற்றவை அப்படியே இருக்கும்.

கன்ட்ரி இசையில் வழக்கமான அமைப்பில் 10 கம்பிகள், மூன்று பெடல்கள், நான்கைந்து முழங்கால் நெம்புகோல்கள். இதில் முதல் இரண்டு பெடல்களைச் சேர்த்து மிதித்தால், கையை நகர்த்தாமலேயே ஷட்ஜத்தில் நிற்கும் கார்டு மத்தியமத்துக்குப் போய்விடும். போகும்போது சில கம்பிகள் மட்டும் மெல்ல ஏறும், மற்றவை அசையாமல் நிற்கும். அந்தத் தேம்பல் ஒலியின் ரகசியம் இதுதான்.

இப்போது கணக்குப் போடுங்கள். இடது கையில் எஃகுத் துண்டு. வலது கைக் கட்டைவிரலிலும் இரண்டு விரல்களிலும் மீட்டும் நகங்கள். இடது கால் பெடலில். வலது கால் ஒலி அளவைக் கூட்டிக் குறைக்கும் இன்னொரு பெடலில். இரண்டு முழங்கால்களும் நெம்புகோல்களில். லாரி ஓட்டுகிறவருக்குக்கூட இவ்வளவு வேலை கிடையாது.

அந்த வலது கால் பெடலைத் தனியாகக் கவனிக்க வேண்டும். மீட்டிய ஒலி இயல்பாகவே தேய்ந்துகொண்டு போகும். தேயத் தேய, பெடலை மெல்ல அழுத்தி ஒலியைக் கூட்டிக்கொண்டே வருவார்கள். கேட்பவருக்கு ஸ்வரம் தேயாமல் நீண்டுகொண்டே போவது மாதிரி இருக்கும். மீட்டும் கருவியை வில் போட்டு வாசிப்பது போலக் காட்டும் தந்திரம் இது.

லைவில் இதையெல்லாம் செய்யணும் என்றால்?

ஸ்டூடியோவில் பிசகினால் இன்னொரு டேக். நேரடி ஒளிபரப்பில் அது கிடையாது. மேடை விளக்கின் சூட்டுக்குக் கம்பியின் சுருதி இறங்கும். பக்கத்தில் டிரம்ஸ் அடிக்கும் சத்தத்தில் தன் ஸ்வரமே காதில் விழாது. மெட்டு இல்லாத கருவிக்குக் காதுதான் மெட்டு. அதுவும் போனால் கண்ணை மட்டும் நம்பி வாசிக்க வேண்டும்.

இன்னொரு தொல்லை, பாடகர்கள். ஒரே இரவில் ஆறேழு பேர் வருவார்கள். ஒவ்வொருவருக்கும் ஒரு சுருதி. ஒத்திகைக்கு நேரம் இருக்காது. இதைச் சமாளிக்க நாஷ்வில் நகரத்து இசைக்காரர்கள் கண்டுபிடித்த வழி, கார்டுகளின் பெயரை எழுதாமல் எண்ணை எழுதுவது. 1, 4, 5 என்று ஒரு துண்டுச் சீட்டில் இருக்கும். பாடகர் எந்தச் சுருதியில் பாடினாலும் அந்தச் சீட்டு செல்லும்.

கர்நாடக சங்கீதம் கொஞ்சம் தெரிந்தவர்கள் இதைப் பார்த்துச் சிரிப்பார்கள். 1, 4, 5 என்பது ச, ம, ப தானே! ஒரு கட்டையோ, ஐந்து கட்டையோ, ஆதார ஷட்ஜம் எங்கே இருந்தாலும் 'ச' என்பது 'ச' தான். அங்கே 20-ம் நூற்றாண்டில் பிழைப்புக்காகக் கண்டுபிடித்ததை இங்கே பாட்டு வாத்தியார் முதல் நாளே சொல்லிக் கொடுத்துவிடுகிறார்.

டி.வி போட்டுக் கொடுத்த நாற்காலி

1940-களின் கடைசியில் அமெரிக்காவில் டி.வி வீடுகளுக்குள் வந்தபோது நிலையங்களுக்கு ஒரு நெருக்கடி: நேரத்தை நிரப்ப வேண்டும், செலவு ஆகக் கூடாது. ஏற்கெனவே வானொலியில் ஓடிக்கொண்டிருந்த சனிக்கிழமை இரவுக் கன்ட்ரி நிகழ்ச்சிகள் கைகொடுத்தன. ஒரு அரங்கம், ஒரு இசைக்குழு, இரண்டு மூன்று கேமரா. போதும்.

லாஸ் ஏஞ்சலிஸ் பக்கம் 'ஹோம்டவுன் ஜாம்போரி' இப்படித்தான் ஓடியது. அதில் ஸ்டீல் கிட்டார் வாசித்தவர் ஸ்பீடி வெஸ்ட். 1948-லேயே பெடல் வைத்த கருவியை வாங்கிவிட்டவர். தலை குனிந்து உட்காரும் ஆளே இல்லை. எஃகுத் துண்டைக் கம்பிகளின் மேல் போட்டு அடிப்பார், முழுக் கட்டையிலும் சறுக்கவிடுவார். காதுக்கான கருவியைக் கண்ணுக்கான வித்தையாகவும் மாற்றினார். கேமரா ஒரு இசைக்கலைஞரின் வாசிப்பையே மாற்றிவிட முடியும் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் கிடைக்காது.

அதே வட்டாரத்தில், காம்ப்டன் நகரிலிருந்து 1950-களில் ஒளிபரப்பான 'டவுன் ஹால் பார்ட்டி'யில் அந்த நாற்காலியில் உட்கார்ந்தவர் ஒரு பெண், மரியன் ஹால். ஆண்கள் மட்டுமே நிறைந்த குழுவில், வாரா வாரம், நேரடி ஒளிபரப்பில். அந்தப் படச்சுருள்கள் தப்பிப் பிழைத்து இன்று இணையத்தில் கிடைக்கின்றன. சிரித்த முகத்தோடு அவர் வாசிப்பதைப் பார்த்தால், இது கஷ்டமான கருவி என்று மேலே சொன்னதை யாரும் நம்ப மாட்டார்கள்.

1954-ல் வெப் பியர்ஸ் பாடிய ஒரு பாட்டு கன்ட்ரி பட்டியலில் முதலிடம் பிடித்தது. பட் ஐசக்ஸ் அதில் ஸ்டீல் கிட்டார் வாசித்தார். ஸ்வரம் ஒலித்துக்கொண்டிருக்கும்போதே பெடலை மிதித்துக் காட்டினார். அதுவரை பெடல் என்பது அடுத்த கார்டுக்குத் தயாராவதற்கான வசதி. அதன் பிறகு அதுவே பாணி. ஸ்டீல் வாசிக்கிற எல்லோரும் கருவிக்குப் பெடல் மாட்ட ஓடினார்கள்.

அடுத்து, 1960-களின் தொடக்கத்திலிருந்து 1981 வரை ஓடிய 'போர்ட்டர் வேகனர் ஷோ'. டாலி பார்ட்டன் 1967-ல் இந்த நிகழ்ச்சியில் சேர்ந்துதான் வீட்டுக்கு வீடு தெரிந்தவரானார். அதில் ஸ்டீல் கிட்டார் டான் வார்டன். டாலியைத் தெரியாதவர் இல்லை. வார்டனை எத்தனை பேருக்குத் தெரியும்? பின்னாளில் அவர் டாலியின் மேனேஜராகவே போய்விட்டார் என்பது தனிக்கதை.

ஆனால், இந்தப் பெயர்களைவிட முக்கியம் அந்த ஏற்பாடு. நாஷ்வில்லில் 1925 நவம்பர் 28 அன்று வானொலியில் தொடங்கிய 'கிராண்ட் ஓலே ஆப்ரி' இன்றும் நடக்கிறது. 1950-களிலேயே டி.வி-க்கும் போனது. 1985-லிருந்து அதன் ஒரு பகுதி வாரந்தோறும் கேபிளில் நேரடியாக வந்தது. இந்த நிகழ்ச்சிக்கென்று சம்பளத்துக்கு ஒரு நிரந்தர இசைக்குழு. அதில் ஸ்டீல் கிட்டாருக்கு ஒரு இடம். வெல்டன் மைரிக் என்பவர் அந்த இடத்தில் 32 ஆண்டுகள் உட்கார்ந்து வாசித்தார்.

இடையில் கன்ட்ரி இசையின் ருசி பலமுறை மாறியது. பாப் பக்கம் சாய்ந்தது, வயலின் கூட்டம் வந்தது, கீபோர்டு வந்தது. ஸ்டீல் கிட்டார் ஒலி 'பழசு' என்று ஒதுக்கப்பட்ட காலங்களும் உண்டு. அப்போதும் அந்த நாற்காலி காலியாகவில்லை. சனிக்கிழமை வந்தால் யாராவது ஒருவர் அதில் உட்கார்ந்துதான் ஆக வேண்டும். அவருக்கு அடுத்து உட்கார இன்னொருவர் கற்றுக்கொண்டுதான் ஆக வேண்டும். கருவி பிழைத்த கதை இவ்வளவுதான்.

டி.வி கூடக் கட்டாயமில்லை. அமெரிக்கக் கறுப்பினத்தவரின் 'ஹவுஸ் ஆஃப் காட்' என்ற தேவாலயப் பிரிவில் 1930-களிலிருந்தே ஆர்கனுக்குப் பதில் ஸ்டீல் கிட்டார்தான். ஞாயிற்றுக்கிழமை வழிபாட்டுக்கு ஒருவர் வாசித்தாக வேண்டும் என்பதாலேயே தலைமுறை தலைமுறையாகக் கலைஞர்கள் வந்தார்கள். இன்று உலக மேடைகளில் வாசிக்கும் ராபர்ட் ராண்டால்ஃப் அங்கிருந்து வந்தவர்.

இங்கிருந்து போனதா?

இந்தக் கேள்வி வாட்ஸ்அப்பில் வந்தால் 'ஆமாம், எல்லாமே நம்மிடமிருந்து போனதுதான்' என்று ஃபார்வர்டு ஆகிவிடும். உண்மை கொஞ்சம் சிக்கலானது. அதனாலேயே சுவாரஸ்யமானது.

ஸ்டீல் கிட்டாரின் ஊர் ஹவாய்த் தீவுகள். ஜோசப் கெக்குகு என்ற பள்ளி மாணவர் 1889 வாக்கில் கிட்டார் கம்பிகளின் மேல் இரும்புத் துண்டை வழுக்கவிட்டு வாசிக்கத் தொடங்கினார் என்பதுதான் பெரும்பாலோர் ஏற்கும் வரலாறு. 1915-ல் சான்பிரான்சிஸ்கோவில் நடந்த உலகக் கண்காட்சியில் ஹவாய் அரங்கின் இசை அமெரிக்கர்களைக் கட்டிப்போட்டது. அங்கிருந்து அது கன்ட்ரி பாடகர்களிடம் போனது. உபரித் தகவல்: வணிக ரீதியாக ஜெயித்த முதல் மின்சார கிட்டார், 1930-களின் தொடக்கத்தில் வந்த ரிக்கன்பேக்கரின் 'ஃப்ரையிங் பேன்'. அதுவும் மடியில் படுக்க வைத்து வாசிக்கும் ஹவாய் வகைதான்!

ஆனால், கெக்குகுவுக்கு முன்பே ஒருவர் இப்படி வாசித்ததைக் கேட்டதாக ஹவாய் இசையமைப்பாளர் சார்லஸ் கிங் பின்னாளில் எழுதினார். ஆண்டு 1884. வாசித்தவர் பெயர் கேப்ரியல் டேவியன். இந்தியாவில் பிறந்தவர், ஒரு கப்பல் தலைவன் கடத்திக்கொண்டு போய் ஹொனலுலுவில் சேர்த்தான் என்கிறது அந்தக் குறிப்பு.

அந்தப் பையன் இந்தியாவில் எந்த ஊர், என்ன கேட்டு வளர்ந்தான் என்பதற்கெல்லாம் ஆதாரம் இல்லை. ஆகவே, 'இந்தியாதான் கண்டுபிடித்தது' என்று தீர்ப்பு எழுத முடியாது. ஆனால், தண்டு கொண்டு வாசிக்கும் முறை இங்கே மிகப் பழையது என்பதில் சந்தேகமில்லை. 13-ம் நூற்றாண்டின் சங்கீத ரத்னாகரம், ஒற்றைக் கம்பி கொண்ட ஏகதந்திரி வீணையை மூங்கில் துண்டால் வாசிப்பதை விவரிக்கிறது.

கொள்ளிடத்துக்கு அந்தப் பக்கம்

ஜெயங்கொண்டத்திலிருந்து அணைக்கரை வழியாகக் கும்பகோணம் போகும் பாதை பலருக்குப் பழக்கம். கும்பகோணத்தை ஒட்டியிருக்கிறது திருவிடைமருதூர். 100 ஆண்டுகளுக்கு முன் கோட்டுவாத்தியம் என்றால் அந்த ஊர்க்காரர் சகாராம ராவ்தான். கருவியைக் கச்சேரி மேடைக்குக் கொண்டுவந்து பிரபலமாக்கியவர் அவர். செம்மங்குடி சீனிவாச ஐயரின் குருநாதர்களில் ஒருவர். அந்த மகா வித்வானின் பாட்டில் இருக்கும் கமகக் குழைவுக்குக் கோட்டுவாத்தியமும் ஒரு காரணம் என்று ரசிகர்கள் பேசிக்கொள்வது உண்டு.

அதே கொள்ளிடத்துக்கும் காவிரிக்கும் தெற்கே, திருச்சி - தஞ்சாவூர் ரயில் பாதையில் இருக்கும் பூதலூர், இன்னொரு மேதையின் ஊர். பூதலூர் கிருஷ்ணமூர்த்தி சாஸ்திரிகள், கலாக்ஷேத்ராவில் பல ஆண்டுகள் கற்பித்தவர். சகாராம ராவின் சீடர் நாராயண ஐயங்கார், மைசூர் அரண்மனை வரை போனார்.

கருவி எப்படி இருக்கும்? பார்த்தால் வீணை. ஆனால், தண்டியின் மேல் மெட்டுகளே கிடையாது. பின்னாளில் 'சித்ரவீணை' என்றும் அழைக்கப்பட்ட இதில் 21 கம்பிகள். சில வாசிக்க, சில சுருதிக்கு, மற்றவை தானாக அதிர்ந்து கூட ஒலிக்க. இடது கையில் உருளைத் தண்டு. கருங்காலி மரம், கொம்பு என்று பலதும் பயன்பட்டிருக்கின்றன. நாராயண ஐயங்காரின் பேரன் ரவிகிரண் டெஃப்லானுக்கு மாறினார். ஆமாம், தோசைக்கல்லில் பூசுகிற அதே டெஃப்லான்தான். 'கோடு' என்ற பழைய தமிழ்ச் சொல்லுக்குக் கொம்பு, கிளை என்று பொருள் உண்டு. தண்டால் வாசிப்பதால் கோட்டுவாத்தியம் ஆயிற்று என்பது பெயருக்குச் சொல்லப்படும் விளக்கம்.

பெடல் தேவைப்படவில்லை. ஏன் என்றால் கர்நாடக இசைக்குக் கார்டு தேவையில்லை. ஒரே ஸ்வரத்தை அசைத்து, இழைத்து, அடுத்ததோடு ஒட்டிக்கொண்டு போக வேண்டும். அதற்கு வழுக்கும் தண்டைவிடப் பொருத்தமான கருவி எது? குரலுக்கு இவ்வளவு அருகில் வரும் தந்தி வாத்தியம் வேறு இல்லை என்பது சங்கீத விமர்சகர்கள் திரும்பத் திரும்பச் சொல்லும் விஷயம். மெட்டு இல்லாத கருவி என்பதால் கற்க ஆகும் காலமும் அதிகம். இன்று இதை வாசிப்பவர்கள் மிகச் சிலர்.

நம்ம டி.வி-யில் அந்த நாற்காலி எங்கே?

பெரம்பலூர், அரியலூர் பகுதிக்கு வானொலி என்றால் 1939-ல் தொடங்கிய திருச்சி நிலையம்தான். வானொலியில் ஒரு நல்ல வழக்கம் இருந்தது: நிலைய வித்வான். வீணைக்கு, வயலினுக்கு, மிருதங்கத்துக்கு என்று மாதச் சம்பளத்தில் கலைஞர்கள். யார் பாட வந்தாலும் பக்கவாத்தியம் ரெடி. ஆப்ரி குழுவின் நிரந்தர நாற்காலிக்கு இணையாக இங்கே ஏதாவது இருந்தது என்றால் இதுதான். கச்சேரி சீசனுக்கு மட்டும் காத்திருக்காமல் பல வித்வான்கள் குடும்பம் நடத்த முடிந்ததற்கு இந்தச் சம்பளம் ஒரு காரணம்.

1975 ஆகஸ்ட் 15-ல் சென்னைத் தொலைக்காட்சி வந்தது. அதிலும் கர்நாடக இசைக்கு நேரம் இருந்தது. ஆனால், கலைஞர்கள் வந்து வாசித்துவிட்டுப் போவார்கள். வாரா வாரம் ஒரே குழு, அதில் இன்ன கருவிக்கு இன்ன ஆள் என்ற ஏற்பாடு தமிழ் டி.வி-யில் சாஸ்திரிய இசைக்கு வேரூன்றவே இல்லை.

நேரடி ஒளிபரப்பு என்றால் இந்தப் பகுதிக்கு மிக அருகில் இருப்பது திருவையாறு. அரியலூரிலிருந்து திருமானூர் வழியாகப் போனால் தஞ்சாவூருக்கு முன்னாலேயே வந்துவிடும். தியாகராஜர் ஆராதனையன்று காலையில் பஞ்சரத்ன கீர்த்தனைகளை நூற்றுக்கணக்கான கலைஞர்கள் சேர்ந்து பாடுவதை வானொலியும் தூர்தர்ஷனும் நேரலையாகத் தருகின்றன. கேமரா முதல் வரிசைப் பாடகர்களின் முகங்களில்தான் அதிக நேரம் நிற்கும். கூட்டத்துக்கு நடுவே உட்கார்ந்திருக்கும் வாத்தியக்காரர்களின் விரல்களைக் காட்டுவது சில விநாடிகள். அங்கே தொப்பி, இங்கே அங்கவஸ்திரம். கேமராவின் புத்தி ஒன்றுதான்!

தனியார் சேனல்களில் நிலைமை வேறு. 'கன்ட்ரி மியூசிக்' என்பதைத் தமிழில் தேடினால், டி.வி-யில் அதன் இடத்தைப் பிடித்தது நாட்டுப்புறப் பாட்டுதான். 2018-ல் விஜய் டி.வி-யின் 'சூப்பர் சிங்கர்' பட்டத்தை செந்தில் கணேஷ் ஜெயித்தார். அவரும் ராஜலட்சுமியும் சேர்ந்து கிராமியப் பாட்டை ஞாயிற்றுக்கிழமை பிரைம் டைமுக்குக் கொண்டுவந்தார்கள். பெரிய சாதனைதான். ஆனால், அதே மேடையில் அவர்களுக்குத் தாளம் கொடுத்த கலைஞர்கள் எத்தனை பேரின் பெயர் உங்களுக்கு நினைவிருக்கிறது?

ஒன்றை ஒத்துக்கொள்ள வேண்டும். இந்த ரியாலிட்டி ஷோக்களில் நிரந்தர இசைக்குழு இருக்கிறது. அதாவது, நாற்காலிகள் இருக்கின்றன. ஆனால், வழுக்கும் ஒலி தேவைப்பட்டால் கீபோர்டே பார்த்துக்கொள்கிறது. கீபோர்டின் ஓரத்தில் இருக்கும் சின்ன சக்கரத்தை உருட்டினால் ஸ்வரம் வளையும். ஊர்த் திருவிழா இன்னிசைக் கச்சேரிகளிலும் இதே கதைதான். ஒரு கீபோர்டில் புல்லாங்குழல், ஷெனாய், ஹவாய் கிட்டார் எல்லாம் பட்டனில் வந்துவிடும். ஒருவரின் சம்பளத்தில் நான்கு பேரின் வேலை. விழாக் கமிட்டியைக் குறை சொல்லிப் பயனில்லை, அவர்கள் பட்ஜெட் அப்படி. ஆனால், சக்கரம் எல்லா ஸ்வரத்தையும் ஒரே மாதிரி வளைக்கும். தண்டு பிடித்த கை அப்படி வளைக்காது. தோடிக்கு ஒரு மாதிரி, கல்யாணிக்கு ஒரு மாதிரி.

வடக்கே கொஞ்சம் அதிர்ஷ்டம்

இந்தியாவில் ஹவாய் கிட்டாருக்கு நாற்காலி போட்டது கொல்கத்தா. ஹவாயிலிருந்து உலகம் சுற்றிய டாவ் மோ குடும்பம் 1940-களில் அங்கே தங்கி வாசித்தது, கற்றும் கொடுத்தது. பிறகு வானொலி, கிராமபோன் கம்பெனி, சினிமா மூன்றும் கைகொடுத்தன. இந்திப் பாட்டுகளை ஹவாய் கிட்டாரில் வாசித்த சுனில் கங்குலியின் ரெக்கார்டுகள் வங்கத்தில் வீட்டுக்கு வீடு ஓடின. பம்பாய் சினிமாவில் வான் ஷிப்லி.

அதை ராக இசைக்குத் திருப்பியவர் பிரிஜ் பூஷண் கப்ரா. சிவ்குமார் சர்மா, ஹரிபிரசாத் சௌராசியாவோடு அவர் வாசித்து 1967-ல் வந்த 'கால் ஆஃப் தி வேலி' இன்றும் விற்கும் ஆல்பம். அவருக்குப் பின் விஸ்வ மோகன் பட். கிட்டாருக்குக் கூடுதல் கம்பிகள் கட்டி 'மோகன வீணை' என்று பெயர் வைத்தார். ரை கூடருடன் அவர் வாசித்த ஆல்பம் 1994-ல் கிராமி வென்றது. அடுத்த ஆண்டே அமெரிக்க கன்ட்ரி உலகின் ஸ்லைடு மேதை ஜெர்ரி டக்ளஸுடன் இன்னொரு ஆல்பம்.

நாஷ்வில் மேடைகளில் பழகிய ஒருவரும் ஜெய்ப்பூர்க்காரர் ஒருவரும் எதிரெதிரே உட்கார்ந்து வாசிக்க, இரண்டு பேருக்கும் மொழிபெயர்ப்பாளரே தேவைப்படவில்லை. அந்த இடத்தில் பூதலூர் வழி வந்த ஒருவரும் உட்கார்ந்திருக்கலாம். உட்காரவில்லை. திறமை குறைவு என்பதால் அல்ல. கூப்பிடும் தூரத்தில் அவர்கள் தெரியவில்லை.

இப்போது கற்க ஆசைப்பட்டால்?

பெரம்பலூரில் கலை பண்பாட்டுத் துறையின் மாவட்ட அரசு இசைப்பள்ளி இருக்கிறது. குரலிசை, நாதசுரம், தவில், தேவாரம், பரதநாட்டியம், வயலின், மிருதங்கம் என்று மாவட்ட இசைப்பள்ளிகளின் வழக்கமான ஏழு பாடங்கள். மூன்றாண்டுப் படிப்பு. இதில் கோட்டுவாத்தியம் இல்லை. இருந்தாலும் எத்தனை பேர் சேர்வார்கள் என்ற கேள்வி நியாயமானதுதான். ஆனால், நாதசுரத்துக்கும் தவிலுக்கும் ஆள் சேர்வதன் காரணத்தையும் கவனிக்க வேண்டும். கோயிலில், கல்யாணத்தில் அதற்கு ஒரு இடம் நிச்சயம். படித்து முடித்தால் உட்கார ஜமுக்காளம் இருக்கிறது என்று அந்தப் பையனுக்குத் தெரியும்.

கோட்டுவாத்தியத்துக்குக் கோயிலும் இல்லை, கல்யாணமும் இல்லை. அதற்கு இருந்தது கச்சேரி மேடையும் வானொலியும்தான். யூடியூப்பும் தனியார் சேனலும் நடத்தும் மார்கழிக் கச்சேரித் தொடர்கள் ஒவ்வொன்றிலும் ஒரே ஒரு அரை மணி நேரம் இந்தக் கருவிக்கு என்று ஆண்டுதோறும் ஒதுக்கினாலே கணக்கு மாறும். காசு அதிகம் ஆகாது. கேமராமேன் ஒருவருக்கு மட்டும் முன்கூட்டியே சொல்லி வைக்க வேண்டும்: முகத்தை விடுங்க சார், இடது கையைப் பிடிங்க.

கேட்டுப் பார்க்க நினைப்பவர்கள் இந்த வரிசையில் போகலாம். முதலில் 'டவுன் ஹால் பார்ட்டி'யில் மரியன் ஹால். பாட்டை விட்டுவிட்டு அவர் கையில் இருக்கும் எஃகுத் துண்டு எங்கே நிற்கிறது என்று மட்டும் பாருங்கள். அடுத்து விஸ்வ மோகன் பட் - ரை கூடர் ஆல்பம். கடைசியாக, சித்ரவீணையில் ஏதாவது ஒரு தோடி ஆலாபனை. ஹெட்போன் போட்டுக்கொள்வது நல்லது. காந்தாரத்தில் தண்டு நிற்காமல் ஆடிக்கொண்டே இருப்பது போன் ஸ்பீக்கரில் கேட்காது.